பிரெஞ்சுப் புரட்சியும் திருகோணமலைத் துறைமுகமும் (1782–1815)

திருகோணமலைத் துறைமுகம் ஒல்லாந்தர் கையிலிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியது 1795 ஆகஸ்டில். அதற்கு உடனடிக் காரணம் அதே ஆண்டு ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் நிகழ்ந்த ஆட்சிமாற்றம். அந்த மாற்றத்துக்கு மூலம் 1789 இல் பாரிசில் தொடங்கிய புரட்சி. புரட்சி படைத்தலைவர் ஆட்சியாகி, பின் பேரரசாகவும் ஆனதை நெப்போலியன் என்ற ஒரு மனிதரின் பேராசைமேல் ஏற்றிச் சொல்வது பாடநூல் வழக்கம். திருகோணமலையில் நடந்ததைப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது. இங்கே புரட்சி நடக்கவில்லை, நெப்போலியனும் வரவில்லை. வந்தது புரட்சியின் எதிரி. ஆனாலும் தற்காலிகப் பாதுகாப்பு என்று தொடங்கிய ஏற்பாடு சில ஆண்டுகளில் படை அதிகாரிகளின் ஆட்சியாகி, முடிக்குரிய குடியேற்ற நாடாகவும் முடிந்தது. இரு தரப்பையும் ஒரே வழியில் இழுத்துச் சென்றது முடிவில்லாமல் நீண்ட போர் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முந்திய வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களின் தொடக்கத்தில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். ஆண்டு 1622 என்பாரும் 1624 என்பாரும் உண்டு. 1639 இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். 1782 ஜனவரியில் பிரித்தானியக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் கைப்பற்றிய துறைமுகத்தை, அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரன் பறித்துக்கொண்டார். சமாதானம் வந்ததும் பிரெஞ்சு மன்னரின் அரசு அதைத் தன் கூட்டாளியான ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்தது. பிரித்தானியருக்குக் கிடைத்தது நாகப்பட்டினம். 1786 இல் ஒல்லாந்தத் தளபதி வான் செண்டன் கொட்டியாரம், தம்பலகாமம் பகுதிகளை ஊர் ஊராகச் சுற்றி, குளங்களையும் வயல்களையும் பற்றி நாட்குறிப்பு எழுதினார். படைவீரர் ஒருவர் பீரங்கியை மறந்து தூர்ந்த குளங்களைப் பற்றிக் கவலைப்படும் அந்தப் பக்கங்கள் இம்மாவட்ட வரலாற்றில் அரிய சொத்து. அடுத்த பத்தாண்டின் ஆவணங்களில் ஊர்கள் மறைந்து, கோட்டைகள் மட்டுமே மிஞ்சுகின்றன.

1795 ஜனவரியில் பிஷக்ரு தலைமையிலான பிரெஞ்சுப் படை ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைந்தது. பத்தாவியக் குடியரசு பிறந்தது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒல்லாந்து ஆட்சித்தலைவர் ஐந்தாம் வில்லியம், பிரித்தானியப் படைகளை நட்புப் படைகளாக ஏற்று உள்ளே விடுமாறு தம் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்குப் பெப்ரவரி 7 ஆம் தேதி கடிதம் எழுதினார். நாட்டில் பழைய ஆட்சி மீண்டதும் அந்த இடங்கள் திருப்பித் தரப்படும் என்பது உறுதிமொழி. கொழும்பில் ஆளுநர் வான் அங்கெல்பெக்கின் சபை முதலில் ஓரளவு இணங்கியது. குடியரசு அமைந்த செய்தி உறுதியானபின் எதிர்ப்பது என்று முடிவு செய்தது. இதற்கிடையே சென்னையிலிருந்து கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை திருகோணமலைக்கு வந்துவிட்டது. படையை உள்ளே விடும்படி கொழும்பு அனுப்பிய ஆணையைக் கோட்டைத் தளபதி ஏற்கவில்லை. ஆணையின் வடிவில் குறை கண்டார் என்கின்றன சில குறிப்புகள். அவருக்குக் குடியரசின்பால் சாய்வு இருந்தது என்பது சிலர் ஊகம். எவருக்கு விசுவாசம் காட்டுவது என்பதே தெளிவற்ற அந்த வாரங்களில் இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஆகஸ்டு மாதக் கச்சான் காற்று கரையிலிருந்து கடல் நோக்கி வீசியது. பாரக்கப்பல் ஒன்றை இழுத்துக்கொண்டு அக்காற்றை எதிர்த்து உள்ளே வர முயன்ற 'டயோமீட்' என்ற போர்க்கப்பல், கடலடிப் பாறையில் மோதி, ஏற்றிவந்த தளவாடங்களோடு மூழ்கியது. ஆட்கள் மட்டும் தப்பினர். முற்றுகையின்போது மலாய்ப் படையினர் கோட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பீரங்கி மேடு ஒன்றைத் தாக்கினர். 26 ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டை மாத இறுதியில் பணிந்தது. ஒல்லாந்தருக்காகப் போரிட்ட மலாய் வீரர்களில் பலர் பின்னர் பிரித்தானியப் படையில் சேர்க்கப்பட்டனர்.

கொழும்பு 1796 பெப்ரவரியில் வீழ்ந்தது. அதன்பின் 1798 வரை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய பகுதிகளில் ஆளுநராக இருந்தவர்கள் படை அதிகாரிகளே. வரி வாங்கியது கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை நிர்வாகம். 1797 இல் எழுந்த கிளர்ச்சிக்குத் தென்னை வரியும் சென்னையிலிருந்து வந்த அலுவலர்களின் கெடுபிடியும் காரணம் என்பது பொதுவான கருத்து. 1798 இல் பிரடெரிக் நோர்த் ஆளுநராக வந்தார். 1802 ஜனவரி 1 முதல் அப்பகுதிகள் முடிக்குரிய குடியேற்ற நாடு. அதே ஆண்டு மார்ச்சில் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே கையெழுத்தான ஆமியான் சமாதான உடன்படிக்கைதான் இந்த வாதத்தின் மையச் சான்று. ஒல்லாந்துக்கு விடுதலை தர வந்ததாகச் சொன்ன பிரெஞ்சுக் குடியரசு, முதற் கொன்சலான நெப்போலியனின் கீழ், அந்தக் கூட்டாளியின் இலங்கைப் பகுதிகளைப் பிரித்தானியருக்கு விட்டுக்கொடுத்தது. மன்னராட்சி திருப்பிக் கொடுத்ததைப் புரட்சியின் வாரிசு பேரம் பேசித் தள்ளிவிட்டது. திருப்பித் தருவோம் என்ற பிரித்தானிய உறுதிமொழியும் அங்கேயே காலாவதியானது. ஒல்லாந்தோ 1806 இல் நெப்போலியனின் தம்பிக்கு முடியரசாகி, 1810 இல் பிரான்சோடு இணைக்கப்பட்டது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிரித்தானியர் புரட்சிக்கு முன்பே திருகோணமலைமீது கண் வைத்திருந்தனர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்கு ஒதுங்கிடம் இல்லை, கடற்படை பம்பாய்வரை போகவேண்டியிருந்தது. ஆகவே புரட்சி இல்லாவிட்டாலும் துறைமுகம் பறிபோயிருக்கும் என்பர். ஆசை பழையது என்பதை ஏற்கலாம். ஆனால் 1784 இல் அந்த ஆசையைச் சமாதானப் பேச்சு தடுத்தது. 1795 இல் எதிரிலிருந்த ஒல்லாந்துக்குத் தனித்த அரசே இல்லை. அங்குத் திருப்பிக் கொடுப்பது பிரான்சுக்கே கொடுப்பதாகிவிடும் என்ற அச்சம், பழைய ஆசைக்குக் கவசமாயிற்று. ஆமியானில் நன்னம்பிக்கை முனை திருப்பித் தரப்பட்டதே என்று கேட்கலாம். அதுவும் 1806 இல் மீண்டும் கைப்பற்றப்பட்டது. போர் தொடரும்வரை எந்தத் திருப்பித் தருதலும் இடைவேளைதான்.

துறைமுகத்துக்குக் கிடைத்த புதிய வேலையும் இதைக் காட்டும். 1800 டிசம்பரில் ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாள் வெலிங்டன், மொரீசியசுக்கோ பத்தாவியாவுக்கோ அனுப்பவென்று இங்கே ஒரு படையைத் திரட்டினார். அது 1801 இல் எகிப்தில் நெப்போலியன் விட்டுச்சென்ற படைக்கெதிராகத் திருப்பப்பட்டது. நோயால் இங்கே தங்கிவிட்டதால் அவர் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து தப்பினார் என்பது ஊர்க்கதை. அவர் நோயுற்றது பம்பாயில் என்பதே நம்பத்தக்கது. ஆனாலும் கோட்டைக்குள் அவர் பெயரைத் தாங்கிய வீடு கதையை விடுவதாயில்லை. 1803 இல் கண்டிமீது படையெடுத்த இரு அணிகளில் ஒன்று கர்னல் பார்பட் தலைமையில் புறப்பட்டது இங்கிருந்தே. அந்தப் போர் தோல்வியில் முடிந்தாலும், 1815 இல், வாட்டர்லூ நடந்த அதே ஆண்டில், கண்டி அரசு முடிவுற்றது. திருகோணமலையை ஆள்பவர் இந்துமாக்கடலை ஆள்வார் என்ற கூற்றை நெப்போலியன் பெயரில் அடிக்கடி எழுதுகிறார்கள். மூலம் காட்டுவாரைக் காண்பது அரிது. துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய 'திருகோணமலை' என்ற போர்க்கப்பலோ மெய்யானது. 1812 இல் கட்ட ஆணையிட்டு, பம்பாயின் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817 இல் நீரில் இறக்கியபோது அதற்குப் போரிட எதிரியே இல்லை. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது பிரித்தானியக் கடற்படைத் தளமாக நீடித்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் தாக்கின. 1957 இல் பண்டாரநாயக்கா அரசு தளத்தைப் பொறுப்பேற்றது.