ஆய்வுக்கூடம் தந்த விடை: நிப்பா நச்சுயிரி கண்டறியப்பட்ட வரலாறு



மருத்துவமனை என்றதும் படுக்கையும் மருந்துமே நம் நினைவுக்கு வருகின்றன. பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ மேலும் இரு கடமைகள் உண்டு. நோயின் மூலத்தை ஆராய்வது ஒன்று. சிறப்புத் துறைகளில் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பது மற்றொன்று. இவற்றின் அருமையை 1999-ஆம் ஆண்டில் மலேசியா கண்கூடாகக் கண்டது.

1998 செப்டம்பரில், பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் பணியாற்றியவர்களிடையே கடுமையான மூளை அழற்சி நோய் தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளை அழற்சியே அது என முதலில் கருதப்பட்டது. சிலருடைய குருதிச் சோதனை முடிவுகளும் அக்கருத்துக்குச் சார்பாக இருந்தன. எனவே கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆயினும் நோய் அடங்கவில்லை. பன்றிகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டதால், நெகிரி செம்பிலான் மாநிலத்திற்கும் அது பரவியது.

சில உண்மைகள் அந்த முடிவோடு பொருந்தவில்லை. ஜப்பானிய மூளை அழற்சி பெரும்பாலும் சிறுவர்களையே தாக்கும். இங்கு மாண்டவர்களோ பன்றிகளோடு நெருங்கிப் பழகிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். பன்றிகளும் இருமி நோயுற்றன.

இந்நிலையில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமையிலான குழு ஆய்வில் இறங்கியது. அக்குழுவில் இருந்தவர், அப்போது நச்சுயிரியலில் பயிற்சி பெற்றுவந்த மருத்துவர் சுவா காவ் பிங். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் இட்டு வளர்த்தபோது, அவ்வுயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய திரள்களாயின. ஜப்பானிய மூளை அழற்சி நச்சுயிரியின் இயல்பு அதுவன்று.

1999 மார்ச் மாதத்தில் சுவா அம்மாதிரிகளை அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலிருந்த நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றார். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது தட்டம்மை நச்சுயிரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா நச்சுயிரிக்கு நெருங்கிய உறவுடையது. ஆனால் உலகம் அதுவரை அறியாதது. அச்சிற்றூரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

பகைவன் இன்னார் என்று தெரிந்தபின் வழியும் தெளிவாயிற்று. கொசுவின்மீது இருந்த கவனம் முழுமையாகப் பன்றியின்மீது திரும்பியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன; பலருடைய வாழ்வாதாரமும் அவற்றோடு அழிந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலும் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார்.

ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களின் அடியில் நெகிழித் தாள்களை விரித்து, அவற்றின் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்த சுவாவின் குழு, அதிலும் நிப்பா நச்சுயிரியைக் கண்டது. அம்முடிவு 2002-இல் வெளியாயிற்று. நோயின் ஊற்றுக்கண் அவ்வாறு புலப்பட்டது.

நம் மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தோடு இவ்வரலாற்றையும் சொல்லலாம். எல்லாரும் ஏற்றுக்கொண்ட விடையாயினும், கண்முன் உள்ள சான்றுகளோடு பொருந்தாதபோது அதனை மீண்டும் சோதிக்க வேண்டும். அதற்குக் கருவிகள் மட்டும் போதா. பயிற்சியும் துணிவும் உடைய மனிதர்கள் வேண்டும். அத்தகையோர் வகுப்பறைகளில்தாம் உருவாகத் தொடங்குகின்றனர்.