டிஎஸ்சி கடிகார எச்சரிக்கை

டிஎஸ்சி நிலையற்றது என்பது லினக்ஸ் கர்னல் தன் பதிவில் எழுதும் நேரக்கணிப்பு எச்சரிக்கை. இன்டெல், ஏஎம்டி செயலிகளிலுள்ள டிஎஸ்சி என்னும் எண்ணியைப் படிக்க மிகக் குறைந்த நேரமே பிடிப்பதால், கர்னல் அதையே முதன்மைக் கடிகாரமாக விரும்புகிறது. கண்காணிப்பு நிரல் ஒன்று அரை விநாடிக்கொரு முறை அதை ஹெச்பெட் அல்லது ஏசிபிஐ டைமர் என்னும் வேறொரு கடிகாரத்துடன் ஒப்பிடும். விலகல் வரம்பு மீறினால் டிஎஸ்சி கைவிடப்பட்டு, மெதுவான கடிகாரம் அமர்த்தப்படும். அதன்பின் நேரம் கேட்கும் ஒவ்வொரு அழைப்பும் கர்னலுக்குள் சென்று திரும்ப வேண்டியிருப்பதால், தரவுத்தளம் போன்ற நிரல்கள் வெளிப்படையாகவே தளரும்.

கர்னலை மேம்படுத்தியதும் இச்செய்தி ஒவ்வொரு தொடக்கத்திலும் வந்தால், வன்பொருள் பழுது என்று உடனே முடிவு கட்டலாகாது. நெடுங்காலம் 62.5 மில்லிவிநாடியாக இருந்த வரம்பு, 2021-இல் வந்த 5.14 பதிப்பில் மைக்ரோவிநாடி அளவுக்குச் சுருங்கியது. முன்பு கவனிக்கப்படாத விலகல்களும் இப்போது பிடிபடுகின்றன. சில இன்டெல் கணினிகளில் ஆழ்ந்த உறக்கநிலையில் ஹெச்பெட்டே நின்றுவிடும். அங்கே குற்றம் சாட்டப்படுவது டிஎஸ்சி, தவறியது ஒப்பீட்டுக் கடிகாரம்.

எனவே பழைய கர்னலில் தொடங்கி ஒப்பிடுவதே முதல் சோதனை. எச்சரிக்கையை அடுத்துப் பதிவாகும் இரு கடிகார இடைவெளிகளில் எது அரை விநாடியிலிருந்து விலகியது என்பது அடுத்த தடயம். பயாஸ் புதுப்பிப்பு பல வேளைகளில் தீர்வாகும். கேவிஎம் மெய்நிகர் கணினிகளில் அவற்றுக்கென உள்ள கேவிஎம் கடிகாரமே ஏற்றது. டிஎஸ்சி நம்பகமானது என்று தொடக்க அளவுருவில் அறிவித்தால் கண்காணிப்பே நின்றுவிடும். கிரோனி போன்ற நேர ஒத்திசைவு நிரலின் பதிவில் பிறழ்வு சீராக இருப்பதை உறுதிசெய்த பிறகே அந்த அளவுருவைக் கையாள வேண்டும்.