கொழுந்து பறிக்கும் விரல்களும் வேலூர்க் கைச் சத்திரசிகிச்சையும்

சபரகமுவ மாகாணத்துப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் ஏக்கர்க் கணக்கையும் இறாத்தற் கணக்கையும் நன்கு பேணியுள்ளனர். விரற்கணக்கைப் பேணியோர் அரியர். ஆயினும், இரத்தினபுரித் தேயிலை மலைகளிலும் கேகாலை இறப்பர்க் காடுகளிலும் ஊதியத்தைத் தீர்மானித்தது விரலேயாகும். கொழுந்து குறைந்த நாளில் முழுப்பேர் கிடையாது, அரைப்பேரே விழும். பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் ஒன்றையொன்று தொட்டாலன்றி இரண்டு இலையும் ஒரு மொட்டும் கைக்கு வாரா. பால்வெட்டும் கத்தியோ பட்டையைச் சீவவேண்டும். உள்ளிருக்கும் மரத்தைக் காயப்படுத்தலாகாது.

இந்த நுண்பிடியையே தொழுநோய் பறித்துவிடுகின்றது. முழங்கையருகே செல்லும் நரம்பு தாக்கப்படுமிடத்து உள்ளங்கைச் சிறுதசைகள் செயலிழந்து, விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடும். அத்தகைய கை மண்வெட்டிப் பிடியைப் பற்றக்கூடும். கொழுந்து கிள்ளுதல் அதற்கு அரிது. இலங்கையில் இந்நோயாளருக்கு அரசு கண்ட வழி ஒதுக்கிவைத்தலே. ஒல்லாந்தர் காலத்தில், 1708 இல், ஹெந்தலையில் எழுந்த தொழுநோய் வைத்தியசாலையும் 1901 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இதற்குச் சான்றாகும்.

மாற்றுவழி, இத்தொழிலாளரின் முன்னோர் புறப்பட்டுவந்த தமிழகத்திலேயே பிறந்தது. கொல்லிமலையில் 1914 இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட், 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சத்திரசிகிச்சை நிபுணராகச் சேர்ந்தார். றொபேட் கொக்கிறேன் என்பாரின் அழைப்பை ஏற்று, 1947 இல் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்திற்குச் சென்றவர், நோயாளி ஒருவரின் வளைந்த கையினுள் தம் கையை வைத்து இறுக்கச் சொன்னார். இறுக்கிய வேகத்தில் அவருக்கு வலித்தது. செத்துவிட்டதெனக் கருதப்பட்ட கையில் இத்துணை வலிமையா! முன்கைத் தசைகள் நலமாயிருப்பின், அவற்றுள் ஒன்றின் தசைநாணை இடமாற்றிப் பொருத்தி, இழந்த அசைவை மீட்கலாமன்றோ? காயமுற்ற கைகளுக்கென அமெரிக்கரான ஸ்டேர்லிங் பனல் வகுத்திருந்த முறைகள் துணைசெய்ய, 1948 அளவில் வேலூரில் அச்சிகிச்சை தொடங்கிற்று. நோயினால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்ற பழங்கருத்தும் அங்கேயே தகர்ந்தது. வலியுணராத விரல், சூட்டினாலும் வெட்டினாலும் கவனிப்பாரற்ற புண்ணினாலுமே தேய்கின்றது என்பதைப் பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

இச்சாதனையைக் கத்தியின் சாதனையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது என்பது என் கருத்து. கட்டு அவிழ்ந்தபின், இடம்மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்கும் பயிற்சி வாரக்கணக்கில் நீளும். பேர் விழுந்தாலன்றி அடுப்பெரியாத லயத்துக் குடும்பத்திற்கு அவ்வாரங்களின் விலை யாதென்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். சிகிச்சை பெற்றோர் பிழைக்கத் தொழில் வேண்டுமென்பதையுணர்ந்த பிராண்ட், வேலூரிற் புதுவாழ்வு நிலையமொன்றை அமைத்துத் தச்சுவேலை முதலியவற்றுக்கு வழிசெய்தார்.

ஒன்றை மட்டும் அச்சிகிச்சையால் மீட்க இயலவில்லை. விரல் நிமிர்ந்தது, உணர்ச்சி மீளவில்லை. ஆகவே, வேலை முடிந்ததும் கைகளை விளக்கொளியிற் பிடித்து, தாம் உணராத காயத்தைக் கண்ணாற் தேடும் பழக்கத்தை நோயாளர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.