‘அடுத்த மேட்ச் எப்பண்ணே?’ – லீக் பிறந்த கதை

போன கோடையில் எங்கள் ஊர்ப் பையன்கள் அதிராம்பட்டினத்துக்கு எழுவர் கால்பந்து ஆடப் போனார்கள். நானும் கூடப் போனேன். வாடகை வேன், பன்னிரண்டு பேர், ஒரு குடம் எலுமிச்சைத் தண்ணீர். நாலரை மணிக்கு ஆட்டம். கடைசிவரை கோல் விழவில்லை, டை-பிரேக்கரில் தோற்றோம். ஐந்தரைக்கெல்லாம் வேன் ஊரை நோக்கித் திரும்பிவிட்டது. பட்டுக்கோட்டை தாண்டும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் கோல்கீப்பர் பையன் மெல்லக் கேட்டான்: “அண்ணே, அடுத்த மேட்ச் எப்பண்ணே?”

“அடுத்த வருஷந்தான் தம்பி.”

அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சம்பா அறுவடை முடிந்த நாளிலிருந்து இந்த ஒரு மணி நேரத்துக்காக அவன் தயாரானதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் வயல்தான் கிரவுண்டு. உளுந்து விதைக்காமல் சும்மா கிடக்கும் வயலாகத் தேடிப்பிடித்து உடையவரிடம் கேட்க வேண்டும். அறுவடை மிஷின் விட்டுப்போன தாள் காலைக் குத்தும். அதை அரிவாளால் தரையோடு தரையாக அரிய வேண்டும். பாளம் பாளமாக வெடித்த மண்ணில் கால் மாட்டினால் கணுக்கால் பிசகிவிடும், ஆகவே வெடிப்புக்குள் மண்ணைப் போட்டு மிதிக்க வேண்டும். சவுக்குக் கழி நட்டால் போஸ்ட். இத்தனையும் செய்துவிட்டு ஒரே ஒரு ஆட்டம் ஆடித் தோற்றால் பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும். நாக் அவுட் என்றால் அதுதான்.

அந்தப் பையன் கேட்ட கேள்வியை 1888-லேயே ஒரு ஜவுளிக்கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

வில்லியம் மெக்ரெகர் ஸ்காட்லாந்தில் பிறந்து பர்மிங்காமில் துணி வியாபாரம் செய்தவர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகி. இங்கிலாந்தில் அப்போதே கால்பந்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மில் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை, அவர்கள் காசு கொடுத்து ஆட்டம் பார்க்க வந்தார்கள். ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று 1885-இல் சட்டபூர்வமாக ஒத்துக்கொண்டார்கள். சம்பளம் வாராவாரம் கொடுத்தாக வேண்டும், ஆனால் ஆட்டம் வாராவாரம் நடக்கும் என்ற உறுதி கிடையாது. எதிரணிக்குக் கோப்பை ஆட்டம் ஒன்று வந்துவிட்டால் நம்மோடு ஒத்துக்கொண்ட ஆட்டம் ரத்து. சில நாள் பாதி அணிதான் வரும். கோப்பையிலோ முதல் சுற்றில் தோற்றால் அந்த ஆண்டுக்கு வேலை முடிந்தது. வாசலில் வந்து நிற்கும் ஜனத்துக்கு என்ன பதில் சொல்வது?

1888 மார்ச் 2-ஆம் தேதி மெக்ரெகர் சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். முன்னணிக் கிளப்புகள் பத்து, பன்னிரண்டு ஒன்று சேர்வோம், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் சொந்த ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை ஆடுவோம், தேதியை முன்கூட்டியே குறித்துவிடுவோம் என்பதுதான் அதன் சாரம். அந்த மாதமே லண்டன் ஓட்டல் ஒன்றில் பேசினார்கள். ஏப்ரல் 17-இல் மான்செஸ்டரில் கூடி முடிவெடுத்தார்கள். பன்னிரண்டு அணிகள், அவற்றில் ஒன்றுகூட லண்டன் அணி இல்லை. பாதி லங்காஷயர், பாதி மத்திய இங்கிலாந்து. பிரெஸ்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி என்று பஞ்சாலை ஊர்கள். நம் கைத்தறியை நசுக்கிய மில் துணி நெய்யப்பட்ட அதே ஊர்கள்தான்.

‘லீக்’ என்ற பெயர் மெக்ரெகருக்குப் பிடிக்கவில்லை. அயர்லாந்தில் குத்தகை விவசாயிகளைத் திரட்டிப் போராடிய இயக்கத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருந்தது, அரசியல் வாடை அடிக்கும் என்று அஞ்சினார். குத்தகைக்காகவும் கூலிக்காகவும் செங்கொடி பிடித்த கீழத்தஞ்சை மண்ணில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது, அந்தச் சொல்மேல் எனக்குக் கூடுதலாக ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

செப்டம்பர் 8-ஆம் தேதி ஆட்டங்கள் தொடங்கின. தொடங்கியபோது புள்ளி எப்படிக் கணக்கிடுவது என்றே அவர்கள் முடிவு செய்திருக்கவில்லை. வென்றால் இரண்டு, சமன் என்றால் ஒன்று என்பது நவம்பரில்தான் தீர்மானமானது. முக்கால்வாசி லீக்குகள் இப்படித்தான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். எல்லாச் சட்டமும் எழுதி முடித்துவிட்டு ஆடலாம் என்று உட்கார்ந்தால் ஆட்டமே நடக்காது. தேதி மட்டும் உறுதியாக இருந்தால் போதும். அந்த முதல் பருவத்தில் பிரெஸ்டன் 22 ஆட்டத்தில் 18 வென்று, 4 சமன் செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் 40 புள்ளி எடுத்தது. ஸ்டோக் 12 புள்ளியோடு கடைசி. ஆனால் ஸ்டோக்கும் 22 ஆட்டம் ஆடியது. என் மனம் போய் நிற்பது அந்தக் கடைசி இடத்தில்தான். தோற்ற அணிக்கும் அடுத்த சனிக்கிழமை ஓர் ஆட்டம் இருந்தது.

டிவிஷன் பிறகு வந்தது. 1892-இல் இரண்டாம் டிவிஷன் சேர்ந்தது. மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் பருவ முடிவில் தனியாகத் தேர்வு ஆட்டங்கள் வைத்தார்கள். மேல் டிவிஷனில் கடைசியாக வந்தவர்களும் கீழ் டிவிஷனில் முதலாக வந்தவர்களும் மோத வேண்டும். 1898 ஏப்ரலில் இந்த ஏற்பாடு சந்தி சிரித்தது. ஸ்டோக்கும் பர்ன்லியும் மோதிய கடைசி ஆட்டம் சமனில் முடிந்தால் இரண்டு அணிக்குமே மேல் டிவிஷனில் இடம். இரண்டு பக்கமும் கோல் அடிக்க முயலவே இல்லை. பந்தை அங்கும் இங்கும் தட்டிக்கொண்டு பொழுதைப் போக்கினார்கள். காசு கொடுத்து வந்த ஜனம் பொறுத்துப் பார்த்தது. பிறகு தங்கள் பக்கம் வந்த பந்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்தது. வேறு வேறு பந்து கொண்டுவந்து ஆட்டத்தை ஓட்ட வேண்டியதாயிற்று. கோல் இல்லாமலே முடிந்தது. அத்தோடு தேர்வு ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் கடைசி இரண்டு கீழே, கீழே முதல் இரண்டு மேலே. ஒரு பருவம் முழுக்க எடுத்த புள்ளிதான் இனிப் பேசும். இன்று உலகம் முழுக்க நடக்கும் ஏற்ற இறக்கத்துக்கு வித்திட்டது பந்தைப் பிடித்துவைத்துக்கொண்ட அந்த ஜனம்.

அதே 1898-இல் கல்கத்தாவில் லீக் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய லீக் அது. ஆடியவர்கள் வெள்ளைக்காரப் பட்டாளங்களும் வெள்ளைக்காரக் கிளப்புகளும். இந்திய அணிக்கு இடமில்லை. 1911 ஜூலை 29 நம் எல்லாருக்கும் தெரியும். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு இறங்கிய மோகன் பகான், ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கியது. தேசமே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் மறைந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. ஷீல்டு வென்ற அணிக்கு அப்போதும் லீக்கில் இடம் தரவில்லை. 1914-இல்தான் இரண்டாம் டிவிஷனில் சேர்த்தார்கள், 1915-இல் முதல் டிவிஷன். கோப்பை நாக் அவுட், ஒரு நாள் அதிசயமாகக் கடந்துபோய்விடும். லீக்கில் சேர்த்துக்கொண்டால் வாராவாரம் சரிசமமாக எதிரே நிற்க வேண்டும். அந்தச் சமத்துவத்தைக் கொடுக்கத்தான் அவர்களுக்கு மனம் வரவில்லை. சேர்த்த பிறகும், முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். 1925-இல் ஈஸ்ட் பெங்கால் ஏறியபோதுதான் அது உடைந்தது.

பிறகு 1934. இரண்டாம் டிவிஷனிலிருந்து அப்போதுதான் ஏறிவந்த முகமதன் ஸ்போர்ட்டிங், முதல் பருவத்திலேயே லீக்கை வென்றது. கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1938 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து அதன் கையிலேயே இருந்தது. மழையில் ஊறிய மைதானத்தில் அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடியது பெரிய காரணம். ஒரு நாள் சேற்றில் வழுக்காமல் தப்பித்துவிடலாம், ஒரு பருவம் முழுக்கத் தப்பிக்க முடியாது. அணியை யோசிக்க வைப்பது லீக்தான்.

பருவம் முழுக்க ஆட்டம் என்றால் பருவம் முழுக்கப் பிழைப்பு. அதனால்தான் தெற்கிலிருந்து ஆட்டக்காரர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்கள் என்று வங்காளிகள் இன்றும் சொல்லும் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐவருமே தென்னாட்டுக்காரர்கள். நம் சென்னையிலும் சீனியர் டிவிஷன், அதன் கீழே முதல், இரண்டாம் என்று படிப்படியாக லீக் வளர்ந்தது. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத் துறை, தெற்கு ரயில்வே என்று அலுவலக அணிகள் ஆடின. கால்பந்து ஆடி வேலை வாங்கிக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் அந்தப் படிகளில் ஏறிப் போனவர்கள்தான். 2019 மார்ச் 9-ஆம் தேதி கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி ஒரு கோல் பின்தங்கி, மீண்டு, 3-1 என்று மினர்வா பஞ்சாபை வென்று ஐ-லீக் என்ற தேசிய லீக்கை எடுத்தது. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

1934 என்ற ஆண்டு டெல்டாக்காரனுக்கு வேறு காரணத்துக்காகவும் தெரியும். மேட்டூர் அணை முடிந்த ஆண்டு. குறுவைக்கு ஜூன் 12 என்று நாள் குறித்துத் தண்ணீரை எதிர்பார்க்க முடிந்தது அந்த அணையால். தண்ணீர் குறைந்தால் முறை வைப்போம். இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, இத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு. கடைமடைக்கும் ஒரு முறை உண்டு. அந்தக் கணக்கு எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் புரியும். லீக்கை அவர்களுக்கு விளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். சுற்றுவட்டாரத்தில் எட்டு ஊர். ஓர் ஊரை மேலே இடது மூலையில் நிறுத்திவிட்டு, மற்ற ஏழையும் இரண்டு வரிசையாகச் சுற்றி எழுத வேண்டும். எதிரெதிரே உள்ளவர்கள் அந்த வாரம் மோதுவார்கள். அடுத்த வாரத்துக்கு மூலை ஊரை அசைக்காமல் மற்றவற்றை ஓரிடம் நகர்த்தினால் போதும். ஏழு வாரத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடியிருப்பார்கள். திரும்பவும் ஏழு வாரம், இந்தத் தடவை மற்றவர் ஊரில். பதினாலு ஞாயிறு, 56 ஆட்டம். மார்ச் முதல் ஞாயிறில் தொடங்கினால், எந்த ஆண்டானாலும் பதினாலாவது ஞாயிறு ஜூன் 6-ஐத் தாண்டாது. ஜூன் 12-க்கு ஆறு நாளாவது கையில் இருக்கும்போதே கழியைப் பிடுங்கி வயலை உடையவரிடம் ஒப்படைத்துவிடலாம்.

எட்டு ஊரில் ஐந்து ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது. மூன்று ஊர்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும். இரண்டாம் டிவிஷன் வேண்டும் என்று இப்போதே ஒருவன் நச்சரிக்கிறான், அவன் ஊருக்கு முதல் எட்டில் இடம் கிடைக்காது என்று அவனுக்கே தெரியும்.

கோல்கீப்பர் பையன் அந்தக் காகிதத்தை வாங்கி, தன் ஊர்ப் பெயர் வரும் இடத்திலெல்லாம் விரலை வைத்து எண்ணினான். பதினாலு வந்தது. சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை எண்ணினான்.