முயல் தசையிலிருந்து கண்ணாடி ஊசி நுனிக்கு

முயல் தசையை அரைத்து, உப்புக் கரைசலில் மயோசின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, மீந்த சக்கையை அசிட்டோனில் அலசி உலர்த்தினால் ஒரு தூள் கிடைக்கும். தசையின் இன்னொரு புரதமான ஆக்டினின் பயணம் இந்தத் தூளில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல், ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜியின் ஆய்வகத்தில் புருனோ ஸ்ட்ராப் கண்ட வழி இது. இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் ஆக்டினை எடுக்கிறார்கள்.

தூளைக் குளிர்ந்த நீர்க்கரைசலில் ஊறவைத்து வடித்தால் ஆக்டின் தனித்தனி உருண்டைகளாக இறங்கும். அதில் பொட்டாசியம், மெக்னீசியம் உப்புகள் சேர்ந்ததும் உருண்டைகள் கோத்துக்கொள்ள, நீர்த்திருந்த கரைசல் குழகுழப்பாகிறது. உருவாவது, இரண்டு மணிச்சரங்களை ஒன்றாக முறுக்கியது போன்ற இழை. தடிமன் சுமார் 7 நானோமீட்டர். 1 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு 370 உருண்டைகள் வரை இருக்கும்.

இத்தனை மெல்லிய இழை சாதாரண நுண்ணோக்கியில் கண்ணில் படாது. அதைப் பார்க்க உதவியது ஒரு நஞ்சு. ‘டெத் கேப்’ என்ற கொடிய காளானிலிருந்து கிடைக்கும் பேலாய்டின், ஆக்டின் இழையை உதிரவிடாமல் இறுகப் பற்றிக்கொள்ளும். அதனுடன் ரோடமின் என்ற ஒளிரும் சாயத்தை இணைத்து, 1984இல் ஜப்பானின் தோஷியோ யனாகிதா குழுவினர் தனி இழைகள் நீரில் நெளிவதை நேரடியாகப் பார்த்தார்கள்.

விறைப்பை அளக்கும் வழி அந்த நெளிவிலேயே இருந்தது. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதால்தான் இழை நெளிகிறது. அந்த மோதலின் ஆற்றல் எவ்வளவு என்பதை வெப்பநிலையே சொல்லிவிடும். அந்த ஆற்றலுக்கு இழை எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் விறைப்பைக் கணக்கிட்டுவிடலாம். இழையைத் தொடவே வேண்டாம். 1993இல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரெடெரிக் கிட்டஸ், ஜொனதன் ஹோவர்ட் குழுவினர் இதைத்தான் செய்தார்கள். இழை மேலும் கீழும் நழுவி மங்கிவிடாதபடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மிகக் குறுகிய இடைவெளியில் அதை அடக்கினார்கள். எடுத்த படம் ஒவ்வொன்றிலும் இழையின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, வளைவுகளை நீண்ட அலை, குட்டை அலை என்று பிரித்தார்கள். ஒவ்வோர் அலையின் ஏற்ற இறக்கத்திலிருந்தும் விறைப்பைத் தனித்தனியே கணக்கிடலாம். குட்டை அலைகளிலோ, புள்ளி குறிக்கும்போது நேரும் பிழை அசலையே மூழ்கடித்துவிடும். எது நெளிவு, எது பிழை என்று பிரித்தறிந்த அந்தப் பொறுமைக்காகவே இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

விறைப்பை, இழை தன் திசையைத் தக்கவைத்துக்கொள்ளும் நீளமாகச் சொன்னால், ஆக்டினுக்கு வந்த எண் சுமார் 18 மைக்ரோமீட்டர். அதைவிட மிகச் சிறிய துண்டு ஏறக்குறைய நேராக நிற்கும். மிக நீண்டதோ போன திசை மறந்து நெளியும். செல்லின் இன்னோர் இழையான மைக்ரோடியூபுலுக்கு வந்தது 5 மில்லிமீட்டருக்கும் மேல். கிட்டத்தட்ட 300 மடங்கு. இரண்டுமே கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு நிகரான பொருள்கள்தாம். மைக்ரோடியூபுல் 25 நானோமீட்டர் தடிமனுள்ள குழாயாக இருப்பதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். 1995இல் வெளியான இன்னோர் ஆய்வில், பேலாய்டின் இல்லாத ஆக்டினுக்கு 9 மைக்ரோமீட்டர்தான் வந்தது. பார்க்க உதவிய நஞ்சே இழையை விறைக்கவும் வைத்திருந்தது!

வளைவது தெரிந்தாயிற்று, இழுத்தால் நீளுமா? 1994இல் கோஜிமா, இஷிஜிமா, யனாகிதா மூவரும் இழையின் ஒரு நுனியை வளையக்கூடிய மெல்லிய கண்ணாடி ஊசியில் பிடித்து இழுத்தார்கள். ஊசி வளைந்த அளவுதான் விசைக்குக் கணக்கு. 1 மைக்ரோமீட்டர் இழையை 1 நானோமீட்டர் நீட்ட, சுமார் 44 பிகோநியூட்டன் தேவைப்பட்டது. தசையில் ஆக்டினோடு படுத்திருக்கும் டிரோப்போமயோசினையும் சேர்த்தபோது அது 65 ஆக உயர்ந்தது.

நீட்சி ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று தள்ளிவிட முடியாது. அதுவரை தசைக் கோட்பாடுகள் இந்த இழைகளை நீளாதவை என்று வைத்துக்கொண்டு, தசையின் மீள்தன்மையை, ஆக்டினைப் பற்றி இழுக்கும் மயோசின் பாலங்களின் கணக்கிலேயே எழுதிவந்தன. அதே 1994இல் தவளைத் தசையை எக்ஸ் கதிரில் ஆராய்ந்த இரு குழுக்களும், தசை இறுகும்போது ஆக்டின் இழை நீள்வதைக் கண்டன. மீள்தன்மையில் பெரும்பங்கு இழைகளுடையது என்று தெரிந்த பிறகு, மயோசின் பாலத்தைப் பற்றிய பழைய கணக்குகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.