கோணேசர் மலையடியில் ஒரு கேமரா

1957இல் பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் கடலைத் தேடி வந்தவர்கள் சினிமாக்காரர்கள்.

1962இல் வெளியான 'ரன் முத்து தூவ' முழுநீள வண்ணத்தில் வந்த முதல் சிங்களப் படம். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்ரம, ஜீவராணி குருகுலசூரிய நடித்தார்கள். கடலடிப் புதையல்தான் கதை. இயக்கியவர் மைக் வில்சன் என்ற ஆங்கிலேயர். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் சுழியோடும் கூட்டாளி. நீருக்கடியில் எடுத்த காட்சிகள்தான் படத்துக்குக் கூட்டம் சேர்த்தன.

1622இல் போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் மலையடிக் கடலில் கிடப்பதாகத் திருமலையில் தலைமுறை தலைமுறையாகப் பேச்சு உண்டு. 1956இல் அங்கே சுழியோடிய வில்சன், செதுக்கிய தூண்களைக் கண்ணால் பார்த்துவிட்டு மேலே வந்தார். படத்தின் விதை அங்கேதான் விழுந்தது.

அந்தக் கடலடிக் காட்சிகளில் காமினியே நடித்தாரா, டூப்பா என்று கேட்கத் தோன்றும். டூப் போடாமல் நடித்தவர் என்றால் நம்மவர்களுக்கு உடனே எம்.ஜி.ஆர். நினைவுக்கு வருவார். 1959இல் சீர்காழியில் 'இன்பக்கனவு' நாடக மேடையில், ஆஜானுபாகுவான குண்டுமணியைத் தூக்கப்போய்க் காலை முறித்துக்கொண்டவர் அல்லவா! தரையில் நடக்கும் சண்டையில் டூப்பை மறைப்பது பெரும்பாடு. முகம் தெரியாமல் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும், முதுகைக் காட்ட வேண்டும். தண்ணீருக்கடியில் அந்தச் சிரமமே கிடையாது. கண்ணாடி முகமூடி, வாயில் காற்றுக் குழாய், முதுகில் சிலிண்டர். அதே காற்சட்டையை மாட்டிவிட்டால் எந்தச் சுழியோடியும் கதாநாயகன்தான்.

கேமராவைப் பிடிப்பவருக்கு மட்டும் டூப் கிடையாது. இந்தப் படத்தின் ஒளிப்பதிவும் வில்சனே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆபத்து வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான் மனித இயல்பு. சுழியோடி முதலில் மறக்க வேண்டியது அதைத்தான். இத்தனைக்கும் நடுவில் நடிகரையும் பார்க்க வேண்டும், மிச்சக் காற்றையும் கணக்கிட வேண்டும். வண்ணப்படமாயிற்றே என்றால், கீழே போகப் போகச் சிவப்பு முதலில் மறைந்து எல்லாமே நீலமாகிவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் கோணேசர் மலையடியில் அலை மோதும் மோதலில் யாரும் இறங்க முடியாது. கச்சான் வீசும் மாதங்களில்தான் கடல் இடம் கொடுக்கும்.

ஆகவே சாகசத்துக்கு மாலை போடுவதாக இருந்தால் நான் வில்சனுக்கே போடுவேன். காமினி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

வில்சன் 1967இல் காமினியை 'ஜேம்ஸ் பண்டா'வாக்கி 'சோருங்கெத் சோரு' எடுத்தார். பிற்பாடு கேமராவைக் கைவிட்டு, கதிர்காமக் கந்தனின் அடியாராகி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் வாழ்ந்து 1995இல் காலமானார்.

அதே 1995இல் காமினி வடக்கு–கிழக்கு மாகாண ஆளுநரானார். அலுவலகம் திருகோணமலையில், சுற்றிலும் போர். அந்த மூன்று ஆண்டுகளைப் பின்னர் ஒரு வாரம் பார்ப்போம்.