இடம் கேட்டு இரண்டு விண்ணப்பங்கள்

ஒரு கல்லூரியில் பாதி படித்த மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறிச்சென்று மீதியைப் படிப்பது நம்மூரில் அரிதான காரியம். பாடத்திட்டம் வேறு, தாள்கள் வேறு, தேர்வுமுறை வேறு. ஓராண்டோ இரண்டாண்டோ போனாலும் போகட்டும் என்று மீண்டும் முதலாண்டிலிருந்து தொடங்கியவர்களே மிகுதி. டி.சி. என்று நாம் சுருக்கி அழைக்கும் மாற்றுச் சான்றிதழைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். மாணவர் என்ன கற்றார் என்ற செய்தி அதில் இல்லை. எந்த வகுப்பில் எந்த நாள்வரை இருந்தார், கட்டணப் பாக்கி இல்லை, நடத்தை நன்று என்பதோடு அது முடிந்துவிடுகிறது. ஒருவர் விலகிப் போகிறார் என்பதற்கான சாட்சியம் அது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழக்கம் வேறு. அங்கே மாணவர் ஒவ்வொரு பாடத்தையும் முடிக்கும்போது அதற்கான கிரெடிட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பினால் அந்தச் சேமிப்பைக் காட்டி விண்ணப்பிக்கலாம். புதிய இடம் அதில் எவ்வளவை ஏற்றுக்கொள்கிறதோ அவ்வளவு போக, எஞ்சியதைப் படித்தால் போதும். எனவே அங்கே மாறுதல் விண்ணப்பம் என்பது வெறும் இடம் கேட்பதன்று. 'நான் வேறோர் இடத்தில் கற்றதையும் கல்வி என்று ஏற்றுக்கொள்கிறாயா?' என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. சாதாரண நாட்களில் இது எழுத்தர்கள் கூட்டிக் கழித்துத் தீர்த்துவிடும் கேள்வி. மிசிசிப்பி மாநிலத்தில், 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும், இரண்டு கறுப்பின மனிதர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவருக்குப் பட்டமும் இன்னொருவருக்குச் சிறையும் கிடைத்தன.

முதலாமவர் கிளைட் கென்னார்ட். 1927இல் மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்க் பகுதியில் பிறந்தவர். இளவயதில் சிகாகோவுக்குச் சென்று வளர்ந்தார். இராணுவத்தில் பாராசூட் படைவீரராகப் பணியாற்றிவிட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்றாண்டுப் படிப்பு முடிந்திருந்தது. 1955இல் மாற்றாந்தந்தை உடல்நலம் குன்றியதால் தாய்க்குத் துணையாக ஊர் திரும்பிக் கோழிப்பண்ணையை நடத்தத் தொடங்கினார். எஞ்சியிருந்த படிப்பை முடிக்க விரும்பினார். வீட்டுக்கு அருகிலேயே அரசுக் கல்லூரி ஒன்று இருந்தது. மிசிசிப்பி சதர்ன் காலேஜ் என்பது அதன் பெயர். வெள்ளையருக்கு மட்டுமே உரிய கல்லூரி அது.

கல்விநிலையங்களில் நிறவொதுக்கல் அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. எனவே கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று வெளிப்படையாக எழுதிக் கையொப்பமிட எந்த நிர்வாகமும் துணியவில்லை. ஆகவே வேறு வழி கண்டார்கள். விண்ணப்பதாரர் தம் வட்டாரத்தைச் சேர்ந்த பழைய மாணவர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுவர வேண்டும் என்றொரு விதி. படிப்பதற்கு நிறம் தடையல்ல, கடிதம் இல்லாததுதான் தடை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா! ஆனால் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் அனைவரும் வெள்ளையர். நிறவொதுக்கல் உச்சத்தில் இருந்த ஊரில், ஒரு கறுப்பினத்தவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்துவிட்டு எந்த வெள்ளையர் நிம்மதியாக வாழ முடியும்? விதியின் வாசகத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. அச்சொல்லை எழுதாமலே அதன் வேலையைச் செய்துமுடிக்கும் வாக்கியம் அது. இலக்கியம் பயிற்றுவிப்பவர்களாகிய நாம் கவிதையில் சொல்லாமல் சொல்வதை வியந்து விளக்குகிறோம். நிர்வாக மொழிக்கும் அந்த வித்தை தெரியும்.

கென்னார்ட் சண்டைக்காரர் அல்லர். உள்ளூர்ச் செய்தித்தாளுக்குப் பொறுமையான மொழியில் கடிதங்கள் எழுதினார். தகுதி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுங்கள் என்று வாதிட்டார். 1958இல் ஆளுநர் ஜே. பி. கோல்மன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி விண்ணப்பத்தைத் தற்காலிகமாகக் கைவிடவும் செய்தார். 1959 செப்டம்பரில் மீண்டும் விண்ணப்பத்தோடு சென்று கல்லூரித் தலைவர் வில்லியம் மெக்கேனைச் சந்தித்தார். அனுமதி இல்லை என்ற பதிலோடு வெளியே வந்தவரைக் காவலர்கள் கைது செய்தார்கள். தாறுமாறாக வண்டி ஓட்டினார், மது வைத்திருந்தார் என்பன குற்றச்சாட்டுகள். மிசிசிப்பி அப்போது மதுவிலக்கு மாநிலம்.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிய வழக்கு வந்தது. 25 டாலர் பெறுமானமுள்ள கோழித்தீவனத்தைத் திருடத் தூண்டினார் என்று குற்றம் சாட்டினார்கள். முழுக்க வெள்ளையரே அமர்ந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை ஏழாண்டுச் சிறை. தீவனத்தை எடுத்ததாக ஒப்புக்கொண்டு கென்னார்டுக்கு எதிராகச் சாட்சி சொன்னவருக்குச் சிறைவாசமே இல்லை. இத்தீர்ப்பை வெளிப்படையாகக் கண்டித்ததற்காக, உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ்மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு பாய்ந்தது. பார்ச்மன் சிறையில் கடும் உழைப்புக்கு உள்ளான கென்னார்டைக் குடல் புற்றுநோய் பற்றியது. 1963 ஜனவரியில், இனிப் பிழைக்கமாட்டார் என்ற நிலையில் விடுவித்தார்கள். அவ்வாண்டு ஜூலை 4 அன்று, அமெரிக்கா தன் சுதந்திர தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், சிகாகோவில் காலமானார். வயது 36.

இரண்டாமவர் ஜேம்ஸ் மெரடித். 1933இல் பிறந்தவர். விமானப்படையில் ஒன்பதாண்டுகள் பணியாற்றியவர். பணியில் இருந்துகொண்டே பல்கலைக்கழகப் பாடங்களைப் படித்துக் கிரெடிட்டுகள் சேர்த்தவர். 1960இல் ஊர் திரும்பி, கறுப்பினத்தவருக்கான ஜாக்சன் ஸ்டேட் காலேஜில் சேர்ந்தார். 1961 ஜனவரி 20 அன்று ஜான் கென்னடி குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். மறுநாள் தேதியிட்டு, ஆக்ஸ்ஃபோர்டு நகரிலிருந்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் மாறுதல் விண்ணப்பப் படிவம் கேட்டு மெரடித் கடிதம் எழுதினார். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்ற குறிப்போடு படிவம் வந்தது. ஜனவரி 31 அன்று நிரப்பி அனுப்பினார். தாம் கறுப்பினத்தவர் என்பதையும், பழைய மாணவர் அனைவரும் வெள்ளையர் என்பதால் அவர்களுடைய பெயர்களைத் தர இயலவில்லை என்பதையும் உடன் வைத்த கடிதத்தில் தெளிவாக எழுதினார். அதற்கு மாற்றாகத் தம்மை அறிந்த கறுப்பினத்தவர்களின் நற்சான்றுகளை இணைத்தார்.

நான்கே நாட்களில் தந்தி வந்தது. ஜனவரி 25க்குப் பின் வந்த விண்ணப்பங்கள் எவையும் இப்பருவத்துக்குப் பரிசீலிக்கப்படமாட்டா, பதிவுக்கு வரவேண்டாம். மெரடித் விடவில்லை. இப்பருவம் இல்லையென்றால் கோடைப்பருவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எவர்ஸின் ஆலோசனைப்படி வழக்கறிஞர் தர்குட் மார்ஷலுக்கு எழுதினார். இதற்கிடையில் மாறுதல் மாணவர்களைச் சேர்ப்பதற்கான விதிகள் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் இறுக்கப்பட்டன. மே மாதத்தில் பதிவாளரிடமிருந்து ஒரு கணக்கு வந்தது. அவர் காட்டிய 90 கிரெடிட்டுகளில் அதிகபட்சம் 48 மட்டுமே ஏற்கத்தக்கன என்றது அது. மே 25 அன்று இறுதி மறுப்பு வந்தது. ஜாக்சன் ஸ்டேட் வட்டார அங்கீகாரச் சங்கத்தின் உறுப்பினர் அல்ல, ஆகவே அங்கிருந்து மாற முடியாது. பரிந்துரைக் கடிதங்களும் போதா. விடுதிக்காகக் கட்டிய 10 டாலர் முன்பணம் திரும்பி வந்தது.

இந்த மறுப்பின் உள்முரண்தான் நம் கவனத்துக்கு உரியது. கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி உண்டு, அதுவும் இதற்குச் சமமே என்பதுதான் நிறவொதுக்கலுக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த நியாயம். அந்தச் சமமான கல்லூரியில் படித்தேன், கணக்கில் கொள்ளுங்கள் என்று மெரடித் வந்து நின்றபோது, அது சமமானதன்று என்று பல்கலைக்கழகமே எழுதித் தந்துவிட்டது. மேலும், ஜாக்சன் ஸ்டேட்டையும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தையும் நிர்வகித்தது ஒரே அறங்காவலர் குழு. ஒரு கல்லூரியை அங்கீகாரம் பெறாத நிலையில் வைத்திருந்ததும் அவர்களே. அந்நிலையைக் காட்டி மாணவரைத் திருப்பி அனுப்பியதும் அவர்களே. கென்னார்டை இதனோடு ஒப்பிட்டால் உண்மை முழுதும் துலங்கும். அவர் வந்தது அந்நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களுள் ஒன்றான சிகாகோவிலிருந்து. அங்கீகாரம் பற்றிய கேள்வியே எழ இடமில்லை. அவரையும் உள்ளே விடவில்லை. ஆகவே எந்தக் கல்லூரியின் தாளைக் கொண்டுவந்தாலும், தாளை நீட்டும் கையின் நிறமே பார்க்கப்பட்டது என்பது வெளிப்படை.

வழக்கை நடத்தியவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்னும் கறுப்பினப் பெண் வழக்கறிஞர். மாவட்ட நீதிமன்றத்தில் தோல்வி. 1962 ஜூன் 25 அன்று, மெரடித்தின் இருபத்தொன்பதாம் பிறந்தநாளில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஜான் மைனர் விஸ்டம் படிவங்களையும் விதிகளையும் தேதிவாரியாக ஆராய்ந்து, அவர் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால்தான் மறுக்கப்பட்டார் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு பிரதியை வரிக்கு வரி வாசித்து அதன் உட்பொருளை வெளிக்கொணரும் செயல்தான் இதுவும். அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி அடுத்தடுத்துத் தடையாணைகள் பிறப்பித்தார். செப்டம்பர் 10 அன்று உச்சநீதிமன்ற நீதிபதி ஹ்யூகோ பிளாக் அவற்றை நீக்கினார்.

பின்னர் நடந்தவை உலகம் அறிந்தவை. மாநில ஆளுநர் ராஸ் பார்னெட் இந்த ஒரு மாணவரின் சேர்க்கைக்காகவே சிறப்புப் பதிவாளராக நியமிக்கப்பட்டு, நேரில் நின்று தடுத்தார்! செப்டம்பர் 30 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் பெருங்கலவரம் மூண்டது. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பால் கியார் உள்ளிட்ட இருவர் கொல்லப்பட்டனர். கூட்டாட்சி அரசின் மார்ஷல்கள் 160 பேருக்குமேல் காயமடைந்தனர். ஆயிரக்கணக்கில் படைவீரர்கள் இறக்கப்பட்டனர். மறுநாள் காலை, கண்ணீர்ப்புகை நெடி அடங்காத வளாகத்தில், மெரடித் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டு வகுப்புக்குச் சென்றார். அவர் அமர்ந்த முதல் வகுப்பு, காலனிய அமெரிக்க வரலாறு. 1963 ஆகஸ்ட் 18 அன்று அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். முன்னர் படித்தவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டதால்தான் ஓராண்டுக்குள் அது இயன்றது.

அந்த ஆக்ஸ்ஃபோர்டு, நம் வாசகர்களுக்கு வில்லியம் ஃபாக்னரின் ஊராக அறிமுகமானது. பல்கலைக்கழகம் ஒன்று அமைய வேண்டும் என்ற ஆசையில் இங்கிலாந்து நகரின் பெயரைச் சூடிக்கொண்ட ஊர் அது. ஃபாக்னர் உயர்நிலைப்பள்ளியை முடிக்காதவர். முதல் உலகப்போரின் இறுதியில் கனடாவில் விமானப்படைப் பயிற்சி பெற்றவர். போர்முனையைக் கண்டவர் அல்லர். ஆயினும் படைவீரர்களுக்கான சலுகையின் பேரில் 1919இல் இதே பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு மாணவராகச் சேர்த்துக்கொண்டது. விதிகள் வளையக்கூடியவைதாம். பள்ளியை முடிக்காத முன்னாள் விமானப்படை வீரருக்காக வளைந்த விதி, 90 கிரெடிட்டுகளோடு வந்த முன்னாள் விமானப்படை வீரருக்கு முன்னால் விறைத்து நின்றது. இதைச் சொல்வதால் ஃபாக்னரின் எழுத்துக்குக் குறைவில்லை. வளைத்துக் கொடுக்கப்பட்ட ஒரு விதியால் உலகத்துக்குத் தீங்கு ஏதும் நேர்ந்துவிடவில்லை என்பதற்கு அவரே சான்று. அவர் 1962 ஜூலை 6 அன்று இறந்தார், கலவரத்தைக் காணவில்லை.

கென்னார்டின் கதைக்குப் பின்னுரை ஒன்று உண்டு. கறுப்பின உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்களை வேவு பார்க்கவென்றே மிசிசிப்பி அரசு 1956இல் ஓர் ஆணையம் அமைத்திருந்தது. அதன் கோப்புகள் 1998இல் பொதுப்பார்வைக்குத் திறக்கப்பட்டபோது, கென்னார்டைக் கண்காணித்த செய்திகள் வெளியாயின. பிற்பாடு, பழைய சாட்சியும் தம் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். 2006இல் அதே ஹாட்டிஸ்பர்க் நீதிமன்றம் அவருடைய தண்டனையை நீக்கியது. அந்தக் கல்லூரி இன்று யுனிவர்சிட்டி ஆஃப் சதர்ன் மிசிசிப்பி என்ற பெயரில் இயங்குகிறது. அதன் கட்டடம் ஒன்று கென்னார்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2018இல், இறந்து 55 ஆண்டுகளுக்குப் பின், மதிப்புறு முனைவர் பட்டமும் அளித்தார்கள். அவர் கேட்டதென்னவோ இளங்கலைப் படிப்பின் கடைசிப் பகுதியைத்தான்.

மெரடித்தின் வெற்றியை வரலாற்று நூல்கள் துப்பாக்கிகளோடும் கலவரத்தோடும் சேர்த்தே எழுதுகின்றன. அந்த இரவுக்கு முன்னால் பதினெட்டு மாதங்களுக்கு மேலாக நடந்த போர் முழுக்கக் காகிதத்தில் நடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. காலக்கெடு, அங்கீகாரம், பரிந்துரை, கிரெடிட் ஆகிய ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் நியாயமான சொல்லே. எல்லாக் கல்லூரிகளிலும் இவை இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். எந்த விதியையும், அது யாருக்காக எப்போது எழுதப்பட்டது, யாருக்காக எப்போது தளர்த்தப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால் அதன் நிறம் தெரிந்துவிடும். சேர்க்கை மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர்கள், குறைபாடுள்ள விண்ணப்பம் என்று ஒதுக்கிவைக்கும் அடுக்கை எடுத்து, குறை விண்ணப்பத்தில் உள்ளதா, அதைக் கேட்ட விதியில் உள்ளதா என்று ஒருமுறையேனும் பார்ப்பது நல்லது. கென்னார்டின் விண்ணப்பமும் அப்படி ஓர் அடுக்கில் கிடந்ததுதான்.